அறுபத்து நான்காவது முறை

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டாணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் போனேன். எல்லோரும் என்றால் இப்போது இரண்டே பேர் என்று தோன்றியதும் அடித்துவிட்டேன். நான் நலம். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. உன் முட்டிவலி தேவலையா?

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. வீடு இரண்டே அறை. பக்கவாதம் அவர் பேச்சில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டது, காதை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. நான் அவரைப் பற்றி உன்னிடம் பேசும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எழுதினால் மூன்றாம் வகுப்பு நோட்டு திருத்துகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு வேலை சொல்லியிருக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் அவரே சட்டைப் பட்டன் போட வேண்டும். வலது கையையும் சேர்த்துத்தான் போட வேண்டும், நான் தொடக் கூடாது. எத்தனை நிமிடம் ஆனது என்று மட்டும் குறித்து வைக்க வேண்டும். இருபது வருடம் ஊராருக்குச் சட்டை தைத்தவர். கண்ணை மூடிக்கொண்டு பட்டன் துளைக்குக் காஜா எடுப்பார். "இன்னும் கிளம்பலையா? நான் மூணு சட்டை மாத்தியிருப்பேன்" என்று வாசலில் நின்று என்னைக் கேலி செய்தவர். முதல் பட்டனைத் துளைக்குள் நுழைக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. நான் அடுப்படியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் நாற்பது நிமிடம். இரண்டாம் தடவை இருபத்தாறு. அப்புறம் இருபத்தொன்று. இன்றைக்குப் பதினேழு. எல்லாம் உத்தேசம்தான். எங்கள் சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள் கழன்று கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது, நீ பார்த்திருக்கிறாய்.

நீ ஆலையில் இந்த மாதிரிக் கணக்குதானே போடுகிறாய்? அவர் எப்போது பழையபடி ஆவார் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

நீ வர நினைப்பதைச் சொன்னேன். இப்போது வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நெஞ்சில் திறந்து கிடந்த சட்டையைத் தொட்டுக் காட்டினார். தானே பட்டன் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து உன்னைக் கூப்பிடும் நாளில் நீ வர வேண்டுமாம். அதுவரை பொறுத்துக்கொள் அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பட்டாணி


பிப்ரவரி 11

அன்புள்ள பட்டாணிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், ஆகவே முட்டிவலி தேவலை என்று வைத்துக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பதினேழு நிமிடம் என்று படித்ததும் கைதட்டினேன் என்றும் சொல். பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீ கேட்டது என் வேலைதான். புது மாதிரி பம்பு ஒன்று ஆலைக்கு வரும்போது, அதன் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பெண்களுக்கு முதல் மோட்டார் நிறைய நேரம் எடுக்கும். இரண்டாவது அதைவிடக் குறைவு. கை பழகப் பழக நேரம் இறங்கும். எப்படி இறங்கும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. செய்த எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும், ஒன்றுக்கு ஆன சராசரி நேரம் ஒரே விகிதத்தில் குறையும். இதற்குக் கற்றல் வளைவு என்று பெயர். ஆயிரம் பம்பு செய்ய எத்தனை மணி நேரம் என்று நான் முன்கூட்டியே சொல்வது இதை வைத்துத்தான்.

இப்போது மாப்பிள்ளையைப் பார். முதல் தடவை நாற்பது. இரண்டும் சேர்ந்து அறுபத்தாறு, சராசரி முப்பத்து மூன்று. நான்கும் சேர்ந்து நூற்று நான்கு, சராசரி இருபத்தாறு. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஏறக்குறைய ஐந்தில் நான்காகக் குறைகிறது. எங்கள் நல்ல தொழிலாளிகளின் வளைவும் இதுதான்.

தனித்தாளில் அட்டவணை வைத்திருக்கிறேன். 1 – 40 நிமிடம். 2 – 32. 4 – 25 நிமிடம் 36 வினாடி. 8 – 20 நிமிடம் 29 வினாடி. 16 – 16 நிமிடம் 23 வினாடி. 32 – 13 நிமிடம் 6 வினாடி. 64 – 10 நிமிடம் 29 வினாடி. இவையெல்லாம் அதுவரைக்குமான சராசரி, மறந்துவிடாதே. ஒரு நாளுக்கு மட்டும் வேண்டுமென்றால் மொத்தத்திலிருந்து மொத்தத்தைக் கழிக்க வேண்டும். கழித்துப் பார்த்தேன். அறுபத்து நான்காவது முறை அவருக்கு ஏழு நிமிடம் போதும். நாட்காட்டியிலும் எண்ணினேன். ஜூன் 8.

அன்று காலை வாசலில் நிற்பேன். அவர் வந்து கூப்பிடட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அட்டவணை கிடைத்தது. கோடு போட்டுப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். எட்டாவது முறை 20 நிமிடம் 29 வினாடி.

பள்ளியில் தேர்வு நேரம், வேலை சரியாக இருக்கிறது. என் ஸ்கேல் உடைந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். உங்கள் ஆலைப் பெண்களைப் பற்றி எழுது. படிக்க நன்றாக இருக்கிறது.

பட்டாணி


பிப்ரவரி 24

அன்புள்ள பட்டாணிக்கு,

கடிதம் இவ்வளவு சிறிதாக இருந்தால் தபால்காரருக்கே மனசு கேட்காது. தேர்வு நேரம் என்பதால் விட்டேன். சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

எட்டாவது முறை இருபதுக்கு ஏறியிருக்கிறது. நான்காவது முறையே பதினேழு வந்ததே என்று ஒரு கணம் யோசித்தேன். பரவாயில்லை. மனிதக் கை, ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். அதற்காக அவரிடம் ஒன்றும் சொல்லிவிடாதே.

ஆலைப் பெண்களைப் பற்றிக் கேட்டாய். போன வாரம் ஒரு கூத்து. நேரம் எடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், புதிதாக வந்தவர். ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கம்பி சுற்றும் ஒரு புதுப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். அரை மணி நேரத்தில் முடிக்கிறவளுக்கு ஒரு மணி நேரமாகியும் முடியவில்லை. கம்பி இரண்டு முறை அறுந்தது. கடைசியில் எழுந்தாள். "அண்ணே, அந்தக் கடிகாரத்துக்கு வேலை பார்க்கணும்னா அதையே உட்கார வச்சுச் சுத்தச் சொல்லுங்க. முதுகுல ஒரு ஆளு நின்னா கை என்ன செய்யும்?" மொத்தப் பிரிவும் சிரித்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். பழகுகிற கையை அளப்பதென்றால் தூணுக்குப் பின்னால் நின்று அளக்க வேண்டும். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பாவம்.

ஜூன் 8க்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மானேஜர் "கல்யாணமா?" என்றார். "இல்லை சார், சட்டை" என்றேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இருவரும் இருக்கிறோம். உனக்கு ரத்த அழுத்தம் பார்த்தாயா?

பதினாறாவது முறை 16 நிமிடம் 23 வினாடி.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாயே, முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றதும் கை ஓடாமல் போனவள். அப்புறம் அவள் சரியாகிவிட்டாளா? அந்த ஆள் விலகிப் போன பிறகு கை திரும்ப ஓடியதா? எத்தனை நாள் ஆயிற்று? மறக்காமல் எழுது.

பட்டாணி


மார்ச் 15

அன்புள்ள பட்டாணிக்கு,

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று நான் கேட்பதற்கு நீ பதில் எழுதுவதே இல்லை.

அந்தப் பெண் வேடிக்கையாகச் சொன்னதுபோல எழுதிவிட்டேன். சிரித்தது மற்றவர்கள். மறுநாள் அவள் கம்பி சுற்றும் மேசைக்கு வரவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டாள். நீ கேட்ட பிறகு நேற்று போய்ப் பார்த்தேன். "திரும்பி வாயேன், அந்த ஆளு இப்ப உன் பக்கமே வர்றதில்லை" என்றேன். "வேணாம்கா. அந்த மேசையைப் பார்த்தாலே வெரலு மரத்துப் போகுது" என்றாள். பெட்டி ஒட்டுவதை நிறுத்தவில்லை.

உன் வீட்டுக் கடிகாரம் சரியாகிவிட்டதா, பட்டாணி? வினாடியெல்லாம் எழுதுகிறாயே.

பதில் போடு.
அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெயில் தொடங்கிவிட்டது. வீட்டில் அவருக்குப் பனியன்தான் வசதியாக இருக்கிறது.

முப்பத்திரண்டாவது முறை 13 நிமிடம் 6 வினாடி. நீ சொன்னபடியே வருகிறது.

ஜூன் 8 எனக்குச் சரிப்படாது என்று நினைக்கிறேன். பள்ளி திறக்கும் நேரம், வீடு அலங்கோலமாகக் கிடக்கும். நீ வேறு அவ்வளவு தூரம் முட்டிவலியோடு வந்து சிரமப்பட வேண்டாம். அப்புறம் ஒரு தேதி பார்த்துக்கொள்ளலாம்.

பட்டாணி


ஏப்ரல் 16

அன்புள்ள பட்டாணிக்கு,

இந்த முறை உடல்நலம் விசாரிக்கவில்லை. உன்னிடமிருந்து என்ன பதில் வரும் என்று தெரியும்.

நீ எழுதி அனுப்பிய எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தேன். முதல் நான்கும் கோட்டுக்கு மேலும் கீழுமாகத் தள்ளாடி நிற்கின்றன. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு மூன்றும் என் அட்டவணையில் உள்ள எண்கள், வினாடி வரைக்கும். பதினேழு வருடமாக இந்தக் கோட்டைப் போடுகிறேன். ஒரு மனிதர்கூட அதன்மேல் உட்கார்ந்ததில்லை.

அதோடு, அவை சராசரி எண்கள். அந்தந்த நாளில் ஆகிற நேரம் சராசரியைவிட எப்போதும் குறைவாகத்தான் வரும். படிக்கும் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த தப்பு இது, சராசரியை எடுத்து அந்த நாள் நேரம் என்று எழுதிவிடுவோம். வாத்தியார் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, "இவர் வேலை செய்யற இடத்தைப் பார்க்கவே இல்லை, தாளைத்தான் பார்த்திருக்கார்" என்பார்.

எண் பொய் என்பது எனக்கு மார்ச் மாதமே தெரியும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. தெரிந்தும் கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். ஜூன் 8 என்று ஒரு தேதி இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அதுவரை நான் வந்து அவரைப் பார்க்க வேண்டியதில்லை. உன் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோதும் இப்படித்தான். நீ அவள் காலைப் பிடித்துவிட்டாய். நான் சலைன் சொட்டு எண்ணி நோட்டில் எழுதினேன்.

என்ன நடந்தது? கோபப்பட மாட்டேன், எழுது.

அக்கா


மே 12

பட்டாணி,

நாலு வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்தேன், மணி அடித்து ஓய்ந்தது. பள்ளிக்குப் போன் செய்தேன். லீவிலும் சேர்க்கை வேலைக்கு நீ தினமும் வருகிறாய் என்றார்கள். உயிரோடு இருக்கிறாய் என்பதை உன் பள்ளி எழுத்தர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது எனக்கு.

ஒரு வரி போதும்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

போன் அடித்தபோது பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். எடுத்திருந்தால் அழுதிருப்பேன், அவர் கேட்டிருப்பார். மன்னித்துக்கொள்.

எட்டாவது முறை. பிப்ரவரி பதினாறு. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் உன் அட்டவணை வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதுவரை அவர் பட்டன் போடும்போது நான் அடுப்படியில் நிற்பேன். அன்று நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் உன் அட்டவணை, அதற்குக் கோடு போட்ட ஸ்கேல். என் வகுப்பு போலவே இருந்தது.

"அக்கா கணக்குப்படி இன்னைக்கு இருபது நிமிஷங்க. நீங்க ஆரம்பிங்க" என்றேன்.

அவர் கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிட்டது. கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், பட்டன் நழுவுகிறது. இருபது நிமிடம் ஆனபோது நாலு பட்டன். அதுவும் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார், முழுதும் கழற்றினார். முப்பது ஆனது. "இன்னும் மூணு இருக்குங்க. பதினேழுல முடிச்சவருதானே நீங்க? வேணும்னே பண்றீங்களா?" என்றேன். அவர் பாதி வாயால் சிரித்தார். அக்கா, அது கேலிச் சிரிப்பு இல்லை. இப்போது தெரிகிறது. அவருக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. முப்பத்தைந்தாவது நிமிடம், "போ... தும்" என்றார்.

ஸ்கேலை எடுத்து அடித்துவிட்டேன்.

பதினெட்டு வருடம் வாத்தியார் வேலை. ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. வலது கைமேல் விழுந்தது, ஸ்கேல் இரண்டாக உடைந்தது. அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது. அவருக்கு வலிக்கவே இல்லை அக்கா. அடி விழுவதைப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கினார். என்னிடமிருந்து தள்ளி மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து பட்டனைத் தொடவில்லை. நான் சட்டையோடு கிட்டே போனால் அந்தக் கை துண்டுக்குள் போய்விடுகிறது. அதனால்தான் பனியன். பயிற்சிப் பெண்ணிடம் அவருக்கு விருப்பம் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் ஏப்ரலோடு நின்றுவிட்டாள்.

உன் ஆலைப் பெண் கதையை எட்டு நாள் கழித்து எழுதினாய். அவள் கை திரும்ப ஓடியதா என்று உன்னைக் கேட்டுவிட்டு ஒன்பது நாள் தபால்காரருக்காகக் காத்திருந்தேன்.

எண்ணை ஏன் எழுதினேன் என்று கேட்பாய். அந்தத் தாளில் மட்டும் அவர் தேறிக்கொண்டிருந்தார் அக்கா. பதினாறாவது முறை வர வேண்டிய நாள் கடந்து ஐந்தாம் நாள் காலையில், அட்டவணையைப் பார்த்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது ஒரு நிமிடம், உண்மையாகவே அவர் பட்டன் போட்டு முடித்துவிட்டதுபோல் இருந்தது. சராசரி என்று நீ எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. எங்கள் மூன்றாம் வகுப்பில் சராசரி வரைக்கும் போவதில்லை.

நடுவில் ஐந்து, ஆறு, ஏழு உனக்கு எழுதவில்லை. பதினெட்டு, பதினாறு, பத்தொன்பது.

நீ வர வேண்டாம். உன்னை வாசலில் வந்து கூப்பிட அவரால் முடியாது. என்னாலும் முடியாது.

பட்டாணி


மே 24

என் பட்டாணிக்கு,

மூன்று முறை படித்தேன். ஆலையில் படிக்க முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

நீ எழுதிய ஐந்து, ஆறு, ஏழையும் கணக்கில் சேர்த்தேன். இதை உனக்குச் சொல்லாமல் விடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். இனி உனக்கு எதையும் விட்டுவிட்டு எழுதப் போவதில்லை. ஏழு தடவையின் சராசரி இருபத்திரண்டரை நிமிடத்துக்குள். என் வளைவு சொன்னது இருபத்தொன்றரை. ஒரு நிமிடம்தான் வித்தியாசம். அவர் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார், பட்டாணி. நீ அட்டவணையில் பார்த்த அந்த இருபதை அவர் நான்காம் முறையிலேயே தாண்டிவிட்டார். அன்று முப்பத்தைந்து ஆனதற்குக் காரணம் மேசைமேல் இருந்த கடிகாரமும் தாளும். அவர் கை இல்லை.

தாளை அனுப்பியவள் நான். பழகுகிற கைக்கு எதிரே கடிகாரத்தை வைக்கக் கூடாது என்பது ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும். உனக்கு விகிதம் எழுதினேன், வினாடி எழுதினேன், மானேஜரிடம் அடித்த ஜோக்கை எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதவில்லை. பிறகு வேடிக்கைக் கதையாக எழுதினேன், அதுவும் எட்டு நாள் தாமதமாக.

அந்த வளைவுக்கு இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. வேலை நடுவில் நிற்கக் கூடாது. செய்கிறவருக்குச் செய்ய மனம் இருக்க வேண்டும். புத்தகத்தில் கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் இருக்கும். பரீட்சையில் நாலு மதிப்பெண். உன் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது, "எனக்குத் தெரியாது பட்டாணி." அதை எழுதிவிட்டு ரயில் ஏறியிருக்க வேண்டும். தெரியாது என்று எழுத எனக்குக் கை வராது, உனக்குத் தெரியும்.

ஸ்கேல் உன் கையில் இருந்தது. அதில் பாதிப் பிடி என்னுடையது.

அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. நான் வரலாமா என்று மட்டும் எழுது. அவர் வாசலுக்கு வர வேண்டாம்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று எனக்கே எழுதத் தெரியவில்லை. நேற்று நடந்ததை எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

நேற்று ஜூன் எட்டு. அவருக்குத் தேதி தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை, நான் சொல்லவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தன் சட்டைகளையெல்லாம் இழுத்துக் கட்டில்மேல் போட்டிருக்கிறார். எட்டுச் சட்டை, எட்டும் அவரே தைத்தது. தையல் பெட்டியிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை இடது கையில் எடுத்து வைத்திருந்தார். கதவோரமே நின்றுவிட்டேன்.

உட்கார்ந்தார். ஒரு சட்டையை மடியில் விரித்தார். வலது கையைத் தூக்கி, துணி நகராமல் இருக்க அதன்மேல் பாரமாக வைத்தார். பிப்ரவரிக்குப் பிறகு அந்தக் கை வெளியே வந்து ஒரு வேலை செய்ததை நேற்றுதான் பார்த்தேன். கத்தரியை நுழைத்து முதல் பட்டனை வெட்டினார். அப்புறம் இரண்டாவது. துணி கிழியவில்லை. அவர் கத்தரி வைத்தால் துணி கிழியாது, உனக்குத்தான் தெரியுமே. ஒன்றொன்றாக எட்டுச் சட்டைப் பட்டனையும் எடுத்துவிட்டார். சட்டைக்கு ஏழு. நான் எண்ணவில்லை, எனக்குத் தெரியும்.

"ஏங்க, எல்லாத்தையும் வெட்டிட்டா அப்புறம் என்னத்தைங்க போடுறது?" என்று கேட்டேன்.

பட்டனையெல்லாம் கூட்டி இடது உள்ளங்கையில் அள்ளினார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கிட்டே போனேன். வலது கை துண்டுக்குள் போகவில்லை. என் கையைப் பிடித்து விரித்து அதில் கொட்டினார். இரண்டு கீழே உருண்டன. நான் குனியப் போனேன், விடவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பட்டனை மூடினார். கட்டைவிரலைக் கடைசியாக. பிறகு, "போதும்" என்றார். இந்தத் தடவை உடையாமல் வந்தது.

இனி அவர் சட்டை போட மாட்டார், அக்கா. அது எனக்குப் புரிந்துவிட்டது. அடித்ததற்கு மன்னித்துவிட்டாரா, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டாரா என்றுதான் புரியவில்லை. கேட்டால் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. நாலு மாதம் கழித்து என் கையைத் தொட்டார், அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்குப் போகவில்லை. சுவரிலிருந்து உன் தாளை எடுத்துவிட்டேன். அட்டவணை இருந்த இடம் மட்டும் சுவர் வெளுப்பாக இருக்கிறது.

நீ வா. தேதி சொல்லாமல் வா. கதவைத் தட்டாதே, சும்மா சாத்தித்தான் வைத்திருப்பேன்.

எட்டுச் சட்டைக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்டாலும் சொல்ல முடியாது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பட்டாணி